ஏலக்காய் கவரில் க்யூ.ஆர். கோட்

நம்ம போடியில் ஏலக்காய் கவருக்கு என்னிடம் டிசைன் கேட்பவர்கள் க்யூ.ஆர். கோடையும் பச்சையிலேயே கேட்கிறார்கள். ஏலக்காய் நிறமாச்சே! வெளிர்பச்சைக் கவரில் இளம்பச்சைக் கட்டங்கள் கண்ணுக்கு அழகுதான், கேமராவுக்குப் பிடிபடாது. 1994-ல் ஜப்பானின் டென்சோ நிறுவனத்தில் மசாஹிரோ ஹாரா குழு உருவாக்கிய இந்தச் சதுரத்துக்கு, கருமைக்கும் வெளுப்புக்கும் உள்ள வித்தியாசம்தான் உயிர். வெள்ளைப் பட்டையில் கரும்பச்சை என்றால் சரி. சுற்றிலும் நான்கு கட்ட அகலம் வெற்றிடம் விடணும்.

நடுவில் லோகோ வேணுமா? பிழைதிருத்தத்தை 'எச்' நிலையில் வையுங்க. சுமார் 30 சதவீதம் சிதைந்தாலும் படிக்கும். மூலையிலுள்ள மூன்று பெரிய சதுரங்களில் மட்டும் கை வைக்காதீங்க. திரைக்கு பி.என்.ஜி. போதும், அச்சுக்கு எஸ்.வி.ஜி., எவ்வளவு பெரிதாக்கினாலும் ஓரம் மங்காது.

கட்டங்களுக்குள் பதிந்த முகவரியை அச்சான பிறகு மாற்ற முடியாது. பத்தாயிரம் கவர் ஓடியபின் தப்பு தெரிந்தால் நஷ்டம் கடைக்காரருக்கு! ஆகவே முதல் கவரை இரண்டு போனில் பார்த்துவிட்டுத்தான் மெஷினை ஓட்டச் சொல்வேன்.