ஆசியாவிலேயே

குமரி மாவட்டத்து மாத்தூரில் பறளியாற்றுக்கு மேலே, 115 அடி உயரத்தில், 1966-இல் கட்டிய தொட்டிப்பாலம் நிற்கிறது. பார்க்க வருகிறவர்களிடம் ஊர்க்காரர்கள் "ஆசியாவிலேயே பெரிய தொட்டிப்பாலம்" என்பார்கள். அதில் 'பெரிய' என்ற சொல்லைப் பாருங்கள். பெரிய வீடு, பெரிய மீன் என்று அன்றாடம் சொல்லும் அதே 'பெரிய'. உச்சம் முழுவதும் 'ஆசியாவிலேயே' என்பதற்குள் இருக்கிறது.

மலாய் மொழிக்கு வேறு வழி. 'பெசார்' என்றால் பெரிய. முன்னால் 'தெர்' ஒட்டினால் 'தெர்பெசார்', எல்லாவற்றிலும் பெரியது. 'பாலிங் பெசார்' என்றும் 'பெசார் செகாலி' என்றும் சொல்லலாம். அந்தத் 'தெர்' இன்னொரு வேலையும் பார்க்கும்: 'திடுர்' தூங்குவது, 'தெர்திடுர்' தன்னையறியாமல் தூங்கிப்போவது. உச்சத்துக்கும் தற்செயலுக்கும் ஒரே முன்னொட்டு!

தமிழில் பெயரடையோடு ஒட்டும் அப்படியோர் உறுப்பு கிடையாது. பக்கத்து நெல்லைச் சீமையில், இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல், 1856-இல் வெளிவந்த தம் ஒப்பிலக்கணத்தில் இதைத் திராவிட மொழிகளின் பொது இயல்பாகவே குறித்தார். இதை ஒரு குறையாக எண்ண எனக்கு மனம் வரவில்லை. 'ஆசியாவிலேயே' என்பதில் 'இல்' எல்லை போடுகிறது. 'ஏ' அந்த எல்லைக்குள் நிற்பவற்றிலிருந்து ஒன்றை மட்டும் பிரித்தெடுக்கிறது. ஏகாரத்தின் பொருள்களில் பிரிநிலையும் ஒன்று என்று தொல்காப்பியமே வகுத்திருக்கிறது. அந்நூலை அரங்கேற்றக் கேட்டவர் அதங்கோட்டாசான் என்கிறது பாயிரம். குமரி மாவட்டத்தின் மேற்கே அதங்கோடு என்று ஓர் ஊர் உண்டு. ஆசான் எங்களவர் என்று இங்குள்ளவர்கள் உரிமையோடு சொல்வார்கள்.

'செக்கச்செவேல்', 'கன்னங்கரேல்' எல்லாம் அழகுதான், ஆனால் அவை மிகுதியைக் காட்டுபவை, மற்றவற்றோடு ஒப்பிடுவதில்லை. செய்தித்தாள்களின் 'மிகப்பெரிய' என்பதும் அப்படித்தான். ரொம்பப் பெரியதா, எல்லாவற்றிலும் பெரியதா என்று அது சொல்லாது. 'இலேயே' போட்டால் எதற்குள் என்று சொல்லியே ஆகவேண்டும், சொன்னதைச் சரிபார்க்கவும் முடியும்.

கன்னியாகுமரியையே எடுத்துக்கொள்ளலாம். 'இந்தியாவிலேயே தெற்கே இருப்பது' என்றால் தவறு. குமரிமுனை வட அட்சரேகை 8 பாகையைச் சற்றுத் தாண்டி இருக்கிறது. பெரிய நிக்கோபார் தீவின் இந்திரா முனையோ 7 பாகைக்கும் கீழே. 'இந்தியப் பெருநிலத்திலேயே' என்றால் சரி.