வெறுங்கலத்தின் கொடுமை

இரும்பைத் தின்னும் நோயைத் தமிழகத்தார் துரு என்பர். ஈழத்தவராகிய நாம் கறள் என்போம். கற்பிட்டி தொடங்கி உடப்பு வரை கடலும் களப்பும் உப்பளமும் அடுத்தடுத்துக் கிடக்கும் புத்தளக் கரையோரத்தில் வாழ்வோர்க்கு அந்நோயின் வலிமையை எடுத்துரைக்க வேண்டியதில்லை. இக்காற்றிலே அரை நூற்றாண்டுக்கு மேலாக உழைத்த மொறிஸ் மைனர் பிக்கப் ஒன்றின் பெற்றோல் தாங்கியைப் புதுக்குவது எங்ஙனம் என்பதை ஈண்டு ஆராய்வோம். இலக்கியப் பக்கத்திற்கு இஃது எற்றுக்கு என வினவுவார் இறுதிவரை பொறுத்தருள்க.

அலெக் இசிகோனிஸ் வகுத்த மொறிஸ் மைனர் 1948 இல் இங்கிலாந்தில் வெளிவந்தது. தனி அடிச்சட்டத்தின்மேல் அமைந்த பிக்கப் வகை 1953 இல் தோன்றியது. 1971 உடன் உற்பத்தி முடிந்தது. எல்லா வகையும் சேர்த்து 16 இலட்சத்துக்கு மேற்பட்டவை உருவாகின. பிறந்த நாடு உற்பத்தியை நிறுத்திய பின்னரும் இலங்கை அவ்வண்டியைக் கைவிடவில்லை. 1990 களில் சார்ள்ஸ் வெயார் என்பாரின் முயற்சியால் அதன் உடற்றகடுகள் இங்கேயே செய்யப்பட்டு இங்கிலாந்துக்குச் சென்றன. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபோது, பழைய வண்டியைப் பேணும் கைத்திறனுக்கு மதிப்பு மேலும் உயர்ந்தது.

'குறைகுடம் கூத்தாடும்' என்பது நம் பழமொழி. பெற்றோல் தாங்கிக்கு இது மூவகையாற் பொருந்தும்.

முதலாவது, கறள் வெறுமையிலேதான் தொடங்குகிறது. தாங்கி நிறைந்திருந்தால் ஈரக்காற்றுக்கு உள்ளே இடமில்லை. குறைந்திருந்தால், இரவுக் குளிரில் அக்காற்றின் ஈரம் துளிகளாகி அடியிற் சேரும். நீர் பெற்றோலினும் கனமானது. ஆதலால் அடித்தகடே முதலில் அரிபடும். 2022 இல் எரிபொருட் பஞ்சத்தால் வண்டிகள் வெறுந்தாங்கியோடு நின்றதை நாம் மறவோம்.

இரண்டாவது, குறைந்த தாங்கியில் எரிபொருள் அலைமோதும். அதனைத் தணிப்பதற்காகவே உள்ளே தடுப்புத் தகடுகள் வைக்கப்படுகின்றன. புதிதாகச் செய்விப்போர் அவற்றை விட்டுவிடலாகாது.

மூன்றாவதே உயிரைப் பற்றியது. பெற்றோல் ஆவி காற்றிலே நூற்றுக்கு ஏறத்தாழ ஒன்றரைப் பங்கு முதல் ஏழரைப் பங்கு வரை கலந்திருக்கும்போதுதான் தீப்பற்றும். அதனினும் செறிந்தால் எரியக் காற்றுப் போதாது. ஆகவே, வெறுமையாகத் தோன்றும் தாங்கி நிறைந்த தாங்கியினும் கொடியது. கழுவி உலர்த்திய பின்னரும் கறட் பொருக்கிலும் மூட்டிலும் ஒளிந்திருக்கும் எச்சம் சூடு பட்டவுடன் ஆவியாகி வெளிப்படும்.

ஆதலின் வேலை முறையாக நடைபெறல் வேண்டும். முதலிற் பற்றறியின் இணைப்பைக் கழற்றுக. பெற்றோலைத் திறந்த வெளியில் வடிக்க; அதன் ஆவி காற்றினும் கனமாதலால் கராச்சுக் குழியில் தங்கிவிடும். தாங்கியை இறக்கிச் சவர்க்கார வெந்நீரால் பன்முறை அலசுக. உட்கறளை நீக்கச் சலவைச்சோடா கரைத்த நீரை நிரப்பி, தாங்கியைத் தொடாதவாறு இரும்புக் கம்பியொன்றைத் தொங்கவிட்டு, பற்றறி ஏற்றியின் எதிர்முனையைத் தாங்கியிலும் நேர்முனையைக் கம்பியிலும் இணைப்பர். அப்போது எழும் ஐதரசனும் எரியும் வாயுவே. இதுவும் வெளியிடத்து வேலை.

ஊசித்துளையாயின், ஓட்டைக்குச் சற்றுக் கீழ்வரை நீர் நிரப்பி, தொலைவிலே காய்ச்சிய சூட்டுக்கோலால் ஈயப் பற்றாசு வைக்கலாம். பற்றாசு என்பது நம் பொற்கொல்லர் வழங்கும் பழந்தமிழ்ச் சொல். தீச்சுவாலை வேண்டிய வேலையை, ஆவியகற்றும் வசதியுள்ள தேர்ந்த தொழிலாளரிடமே ஒப்படைத்தல் தகும். பின்னர், சவர்க்கார நுரை பூசி, மிகக் குறைந்த அமுக்கத்தில் காற்றூதினால் மறைந்த துளை குமிழியாய்த் தன்னைக் காட்டும்.

விரலால் அமுக்கத் தகடு நெகிழுமாயின் ஒட்டுப்போடுதல் வீண். புதியது செய்விப்பதே அறிவுடைமை. அலுமினியமாயின் இரும்புச் சட்டத்தை நேரே தொடாமல் இடையில் றப்பர் வைத்தல் வேண்டும். உப்பீரத்தில் இரு உலோகம் தொட்டால் ஒன்று மற்றொன்றால் அழியும். கறையில் உருக்கும் இக்கரையில் நாளடைவில் குழிபடக்கூடும்.

இனி, தொடக்கத்து வினாவுக்கு வருவோம். என்னிடம் இலக்கணம் பயின்ற இளைஞர் சிலர் இன்று கராச்சுகளில் தொழில் பழகுகின்றனர். அவர்கள் காணும் கைந்நூல்கள் ஆங்கிலத்தில் உள்ளன. எச்சரிக்கையோ செவிவழியே வருகிறது, வாராமலும் போகிறது. சொல் ஒன்று தெளிவாகச் சேராமையால் ஓர் உயிர் போகுமாயின், அஃது ஆசிரியராகிய நம்மையும் சாரும். வாசிக்கும் ஆசிரியன்மாரும் மாணவரும் தத்தம் ஊர்க் கராச்சுச் சுவரிலே ஒரு வரியைப் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுப்பார்களாக: வெறுந்தாங்கிக்கு நெருப்புக் காட்டாதே.