மொட்டை மாடிச் சாவி யாரிடம்?

1808-ஆம் ஆண்டு தஞ்சைப் பெரிய கோயிலில் ஒரு விபத்து. இந்தியாவை முக்கோணம் முக்கோணமாக அளந்துகொண்டிருந்த வில்லியம் லாம்டனின் ஆட்கள், சுமார் அரை டன் எடையுள்ள, கோணம் அளக்கும் தியோடலைட் கருவியைக் கயிறு கட்டிக் கோயிலின் உயரத்துக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கயிறு அறுந்தது. கருவி சுவரில் மோதி நசுங்கியது. அதைச் சீர்செய்ய லாம்டனுக்கு வாரக்கணக்கில் ஆனது. ஆறு ஆண்டுகளுக்கு முன் பரங்கிமலைப் பக்கம் அளவையைத் தொடங்கியபோது அவருக்குக் குன்றுகள் கிடைத்தன. காவிரிச் சமவெளியில் குன்றுக்கு எங்கே போவது? தென்னையும் பனையும் மறைக்காமல் தொலைவைப் பார்க்கக் கோபுரங்களை விட்டால் வேறு வழியில்லை.

இன்று நகரத்தைப் படம்பிடிக்கக் கேமராவோடு அலைகிறவர்களின் சங்கடமும் ஏறக்குறைய அதுதான். தரையில் நின்றால் மின்கம்பி, விளம்பரப் பலகை, பேருந்தின் முதுகு. கொஞ்சம் மேலே போனால் ஊர் தன் வடிவத்தைக் காட்டத் தொடங்குகிறது. எவ்வளவு மேலே போவது, எங்கே ஏறுவது என்பதில்தான் பலரும் தடுக்கி விழுகிறார்கள்.

முதல் தப்பு, ஊரிலேயே உயரமான இடத்தைத் தேடி ஓடுவது. பாரிஸுக்குப் போகிறவர் ஈபிள் கோபுரத்தில் ஏறிப் படம் எடுத்தால் அந்தப் படத்தில் ஈபிள் கோபுரம் இருக்காது! ஆயிரம் கூரைகள் இருக்கும். எந்த ஊர் என்று பக்கத்து வீட்டுக்காரருக்குச் சொல்லித்தான் புரியவைக்க வேண்டும். விஷயம் தெரிந்தவர்கள் 50 மீட்டர் உயரமே உள்ள வெற்றி வளைவின் உச்சிக்கு, 284 படிகள் ஏறிப் போகிறார்கள். அங்கிருந்து பன்னிரண்டு சாலைகள் விரிந்து ஓடுவதும் தெரியும், ஈபிள் கோபுரமும் தெரியும். நியூயார்க்கிலும் இதே கதைதான். எம்பயர் ஸ்டேட் கட்டடம் படத்தில் வேண்டுமென்றால் ராக்ஃபெல்லர் சென்டரின் மேல்தளத்துக்குப் போக வேண்டும்.

நம் ஊரில் இதற்கு நல்ல பாடம் திருச்சி மலைக்கோட்டை. சுமார் 83 மீட்டர் உயரப் பாறை, நானூறுக்கும் மேற்பட்ட படிகள். உச்சிப் பிள்ளையார் சந்நிதிக்கு வெளியே வடக்கு நோக்கி நின்றால் காவிரி, அதற்கப்பால் தீவாகக் கிடக்கும் ஸ்ரீரங்கம், 1987-இல் கட்டி முடித்த 72 மீட்டர் ராஜகோபுரம், அதையும் தாண்டிக் கொள்ளிடம். கீழே குனிந்தால் தெப்பக்குளமும் லூர்து மாதா ஆலயக் கூரான கோபுரமும். வடக்குப் பார்வை என்பதால் காலை, மாலை இரண்டு வேளையும் வெயில் பக்கவாட்டில் விழும். கட்டடங்களுக்கு நிழல் கிடைத்து அவை எழும்பி நிற்கும். ஆனால் மலைக்கோட்டையே படத்தில் வேண்டும் என்றால் இறங்கித்தான் ஆக வேண்டும். தெப்பக்குளக் கரையோ காவிரிப் பாலமோ அதற்குப் போதும். 1858-இல் மதராஸ் அரசின் புகைப்படக்காரர் லின்னேயஸ் ட்ரைப் மதுரை, திருச்சியைப் படமாக்கிய நாளிலிருந்து கேமராக்காரர்களைக் கூப்பிடும் பாறை அது.

சென்னை தட்டையான ஊர். பொதுமக்களுக்குத் திறந்த உயரங்கள் குறைவு. மெரினா கலங்கரை விளக்கம் 1977-இல் வந்தது. பாதுகாப்புக் காரணங்களால் நெடுங்காலம் பூட்டிக் கிடந்து 2013-இல் மீண்டும் திறந்தார்கள். லிஃப்ட் இருக்கிறது, முழங்கால் வலிக்காரர்கள் பயப்பட வேண்டாம். வடக்கே மணல் வெளியும் காமராஜர் சாலையும் துறைமுகம் வரை ஓடும். தெற்கே சாந்தோம் தேவாலயம். மேற்கே நகரத்தைப் பார்த்து எடுப்பதென்றால் முற்பகல் நல்லது, சூரியன் முதுகுக்குப் பின்னால் கடல் பக்கம் இருக்கும். பரங்கிமலை உச்சியில் வேறொரு வேடிக்கை உண்டு: மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானங்கள். 1959-இல் எழுந்து மவுண்ட் ரோட்டின் அடையாளமான எல்.ஐ.சி. கட்டடத்தைக் கீழிருந்து பார்த்துக்கொள்ளலாம். அது அலுவலகம், பார்வை மாடம் இல்லை.

பேர் பெற்ற இடங்களைவிடப் பெயரில்லாத இடங்களே இதற்குச் சுகம் என்பது இந்தக் கட்டுரையின் கட்சி. ரயில் நிலைய நடைமேம்பாலம், பல அடுக்கு வாகன நிறுத்துமிடம், மதுரையில் கோபுரங்கள் தெரியும் விடுதிகளின் மாடி உணவகம். ஐந்து முதல் பத்து மாடி வரையிலான உயரத்தில் ஒரு சௌகரியம்: தெருவின் நீளமும் தெரியும், பூக்காரம்மாவின் குடையும் தெரியும். முப்பதாவது மாடிக்குப் போனால் ஊர் வரைபடமாகிவிடும், மனிதர் எறும்பாகிவிடுவார்.

இடம் கிடைத்துவிட்டால் அடுத்தது நேரம். அமெரிக்கப் புகைப்படக்காரர் பெரனிஸ் அபட் 1930-களின் தொடக்கத்தில் எடுத்த நியூயார்க் இரவுக் காட்சி உலகப் புகழ் பெற்றது. அந்த அம்மையார் போட்ட கணக்கைக் கேளுங்கள். கட்டடம் முழுக்க விளக்கு எரிய வேண்டுமென்றால் உள்ளே ஆட்கள் வேலையில் இருக்க வேண்டும். ஐந்து மணிக்கு அவர்கள் விளக்கை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். ஆக, ஐந்துக்கு முன்பே இருட்ட வேண்டும். அப்படி இருட்டுவது கிறிஸ்துமஸை ஒட்டிய, ஆண்டின் மிகக் குறுகிய பகல்களில் மட்டும். எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் உயரத்தில் ஒரு ஜன்னலோரம், காற்று கேமராவை அசைக்காதபடி உள்ளேயே நிறுத்தி, பதினைந்து நிமிட எக்ஸ்போஷர் கொடுத்தார். அதற்கு மேல் காத்திருந்தால் ஜன்னல்கள் ஒவ்வொன்றாக இருண்டிருக்கும். ஒரு படத்துக்காகப் பஞ்சாங்கமும் ஆபீஸ் நேரமும் பார்த்த ஆள்!

சென்னையில் கணக்கு வேறு. லண்டனின் கோடையில் முக்கால் மணி நேரம் இழுக்கும் அந்தி, இங்கே இருபது நிமிடங்களைச் சற்றே தாண்டும். வானம் கருநீலமாகவும் தெருவிளக்குகள் மஞ்சளாகவும் சமமாக நிற்பது அதற்குள்தான். சூரியன் மறைந்த பிறகு லிஃப்டுக்குக் காத்திருந்தால் படம் போச்சு. கோடைப் புழுதியில் தொலைவெல்லாம் சாம்பல் பூசிக் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் மழை விட்ட மாலை, தூசு கழுவிய காற்றில் தூரத்துக் கட்டடங்களும் துலங்கும். கண்ணாடிக்குப் பின்னால் நின்று எடுப்பவர்கள் அறை விளக்கை அணைத்து, லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்டி, சுற்றிக் கறுப்புத் துணியைப் போர்த்தினால் சொந்த முகம் படத்தில் விழாது.

ட்ரோன் இருக்கும்போது ஏன் இந்தப் பாடு என்று கேட்பவர்கள் உண்டு. 2021 ட்ரோன் விதிகளின்படி விமான நிலையத்தைச் சுற்றிய பகுதிகளில் அனுமதியில்லாமல் பறக்கவிட முடியாது, சென்னையின் தென்பகுதியில் பெரும்பங்கு அதற்குள் அடங்கிவிடும். கோயில்களில் கைப்பேசிக்குத் தடை விதிக்கச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022 டிசம்பரில் உத்தரவிட்டது. கோபுரம் ஏறும் ஆசையோடு போகிறவர்கள் முதலில் அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது. பூட்டை உடைத்தும் சுவரேறியும் உச்சிக்குப் போகும் வீரர்களைப் பற்றி அதிகம் சொல்ல மனம் வரவில்லை. 2017-இல் சீனாவின் சாங்ஷா நகரில், 62 மாடிக் கட்டட உச்சியின் விளிம்பில் தொங்கிய இளைஞர் விழுந்து இறந்ததை அவருடைய கேமராவே பதிவு செய்திருந்தது.

மற்றபடி, நல்ல கோணம் பெரும்பாலும் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் மொட்டை மாடியில்தான் இருக்கிறது. அதன் சாவி சங்கச் செயலாளரின் மேஜையிலோ வாட்ச்மேனின் இடுப்பிலோ இருக்கிறது. எதற்கு, எவ்வளவு நேரம், எந்தப் பக்கம் பார்த்து என்று சொல்லிவிட்டால் பாதி வேலை முடிந்தது. பக்கத்துக் கொல்லையும் ஜன்னலும் படத்தில் வராது என்ற வாக்குறுதி மீதிப் பாதி. இறங்கும்போது எடுத்த படத்தை வாட்ச்மேனிடம் காட்டினால், பெரிதாக்கச் சொல்லித் தன் தெருவைத் தேடுவார். அடுத்த மழை விட்ட மாலையில் சாவியை அவரே எடுத்து நீட்டுவார்.