குவாட்டர்பேக் தேர்வுப் போட்டி

குவாட்டர்பேக் தேர்வுப் போட்டி என்பது, அமெரிக்கக் கல்லூரிக் காற்பந்தாட்டத்தில் ஓர் அணியின் முதன்மைக் குவாட்டர்பேக் யார் என்பதை முடிவு செய்வதற்காக, அவ்வணியின் ஆட்டக்காரர் இருவர் அல்லது அதற்கு மேற்பட்டோரிடையே நடைபெறும் போட்டியைக் குறிக்கும். இது பெரும்பாலும் பருவம் தொடங்குவதற்கு முந்தைய பயிற்சிக் காலத்தில் நடைபெறுகிறது. சில வேளைகளில் பருவம் தொடங்கிய பின்னும் நீள்வதுண்டு. இங்குக் காற்பந்தாட்டம் எனப்படுவது, உலகின் பிற பகுதிகளில் காலால் உதைத்து ஆடப்படும் ஆட்டம் அன்று. நீள்வட்ட வடிவப் பந்தைக் கையில் ஏந்தியும் எறிந்தும் ஆடப்படும் அமெரிக்கக் காற்பந்தாட்டம் ஆகும்.

குவாட்டர்பேக்கின் பணி

இவ்வாட்டத்தில் ஒவ்வோர் அணியிலும் 11 பேர் களத்தில் இருப்பர். பந்தை வைத்திருக்கும் அணி நான்கு முயற்சிகளுக்குள் 10 கெஜம் முன்னேற வேண்டும். ஒவ்வொரு முயற்சியும், வரிசையின் நடுவில் இருப்பவர் பந்தைப் பின்னால் நிற்கும் குவாட்டர்பேக்கிடம் கொடுப்பதில் தொடங்குகிறது. குவாட்டர்பேக் அப்பந்தை ஓடுபவரிடம் கொடுக்கலாம். தொலைவில் ஓடும் சக ஆட்டக்காரருக்கு எறியலாம். தாமே ஏந்திக்கொண்டு ஓடலாம். எதிரணித் தடுப்பாளர்கள் தம்மை நெருங்குவதற்குள், சில நொடிகளில் இம்முடிவை அவர் எடுத்தாக வேண்டும்.

ஓர் ஆட்டத்தில் ஓர் அணி ஏறத்தாழ 60 முதல் 80 வரையிலான முயற்சிகளை மேற்கொள்ளும். அவற்றுள் ஏறக்குறைய அனைத்திலும் பந்து முதலில் குவாட்டர்பேக்கின் கைக்கே வருகிறது. வேறு எந்த ஆட்டக்காரருக்கும் இத்தகைய பொறுப்பு இல்லை.

போட்டி ஏற்படக் காரணங்கள்

கல்லூரி அணிகளில் எந்த ஆட்டக்காரரும் நிலையாக இருப்பதில்லை. பட்டப்படிப்பு முடிதல், தொழில்முறை அணிகளுக்குச் செல்லுதல், காயம், வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறுதல் ஆகியவற்றால் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை குவாட்டர்பேக் இடம் வெற்றிடமாகிறது. எதிர்காலத்தைக் கருதிப் பயிற்றுநர்கள் ஒரே நேரத்தில் பல குவாட்டர்பேக்குகளை அணியில் சேர்த்து வைப்பர்.

பிற இடங்களில் ஆட்டக்காரர்களை ஆட்டத்தின் நடுவே மாற்றி மாற்றி இறக்குவது வழக்கம். குவாட்டர்பேக் இடத்தில் அவ்வாறு செய்வது அரிது. ஒவ்வொருவரும் பந்தை எறியும் வேகமும் காலக் கணிப்பும் வேறுபடும் என்பதால், பந்தைப் பிடிப்போர் ஒருவருக்கே பழக வேண்டியுள்ளது. பயிற்சியில் முதல் அணியுடன் ஆடும் வாய்ப்புகளும் அளவானவையே. அவற்றை இருவருக்குப் பகிர்ந்தால் இருவரும் போதிய பயிற்சி பெறாத நிலை ஏற்படலாம். இரண்டு குவாட்டர்பேக்குகள் இருந்தால் ஒருவரும் இல்லை என்றே பொருள் எனும் வழக்கு இதனால் தோன்றியது.

எனினும் இதற்கு விதிவிலக்கும் உண்டு. 2006 ஆம் ஆண்டுப் பருவத்தில் புளோரிடா பல்கலைக்கழக அணி, எறிவதில் தேர்ந்த கிறிஸ் லீக்கை முதன்மை ஆட்டக்காரராகவும், ஓடுவதில் வல்லவரான முதலாண்டு மாணவர் டிம் டீபோவைக் குறிப்பிட்ட தருணங்களிலும் பயன்படுத்தியது. அவ்வணி 2007 சனவரியில் ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தை 41-14 என வென்று தேசிய வாகையர் ஆனது.

தேர்வு நடைபெறும் முறை

தேர்வு பொதுவாக இரு கட்டங்களில் நடைபெறுகிறது. முதலாவது, இளவேனிற்காலப் பயிற்சி. இதில் 15 பயிற்சி அமர்வுகள் வரை நடத்தப்படும். இதன் முடிவில் அணியினர் தமக்குள் இரு பிரிவாகப் பிரிந்து ஆடும் காட்சி ஆட்டத்தைப் பல பல்கலைக்கழகங்கள் நடத்தி வந்துள்ளன. இரண்டாவது, பருவம் தொடங்குவதற்குச் சில வாரங்கள் முன்பு நடைபெறும் பயிற்சி முகாம்.

பந்தைத் துல்லியமாக எறிதல், எதிரணியின் தடுப்பு அமைப்பைப் படித்தறிதல், பந்தை எதிரணியிடம் இழக்காதிருத்தல், சக ஆட்டக்காரர்களின் நம்பிக்கையைப் பெறுதல் முதலியன கருத்தில் கொள்ளப்படுகின்றன. ஆனால் பயிற்சியில் குவாட்டர்பேக்குகள் பொதுவாக வேறு நிறச் சட்டை அணிந்திருப்பர். அவர்களை மோதி வீழ்த்தக்கூடாது என்பதே அதன் பொருள். ஆகவே உண்மையான தாக்குதலின் கீழ் ஒருவர் எவ்வாறு ஆடுவார் என்பதைப் பயிற்சி முழுமையாகக் காட்டுவதில்லை. பருவத்துக்கு முந்தைய ஐயத்தின் அடிப்படைக் காரணம் இதுவே ஆகும்.

பயிற்றுநர்கள் முடிவை வெளியிடாமல் இருப்பதும் வழக்கம். எதிரணி இருவருக்கும் ஆயத்தமாக வேண்டியிருக்கும் என்பது ஒரு காரணம். தேர்வாகாதவர் வேறு பல்கலைக்கழகத்துக்குச் சென்றுவிடாமல் தடுப்பது மற்றொரு காரணம்.

இரசிகர்களின் விவாதங்கள்

பயிற்சி முகாம்களின் பெரும்பகுதி பொதுமக்களுக்குத் திறந்திருப்பதில்லை. காட்சி ஆட்டம், பள்ளிக்கால ஆட்டப் பதிவுகள், முந்தைய பருவத்தின் சில நிமிடங்கள், பயிற்றுநரின் சுருக்கமான பதில்கள் ஆகிய சிறு தகவல்களைக் கொண்டே இரசிகர்கள் கோடை முழுவதும் விவாதிக்கின்றனர்.

இவ்விவாதங்கள் பெரும்பாலும் இரு நிலைப்பாடுகளில் அடங்கும். முன்பே வெற்றி தேடித் தந்தவர் இடத்தை இழக்கும் அளவுக்கு எதுவும் செய்யவில்லை என்பது ஒரு தரப்பு. அணியின் உச்ச எல்லையை உயர்த்தக்கூடிய இளைய ஆட்டக்காரருக்கு வாய்ப்பளிக்க வேண்டும் என்பது மறுதரப்பு. ஆடுபவரின் குறைகள் எல்லோர் கண்ணிலும் படுகின்றன; ஆடாதவரின் குறைகள் வெளிப்படுவதில்லை. ஊரில் மிகவும் விரும்பப்படுபவர் மாற்றுக் குவாட்டர்பேக்கே என்று அமெரிக்காவில் வேடிக்கையாகக் கூறுவது இதனால்தான்.

குறிப்பிடத்தக்க போட்டிகள்

ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகம், 2015

2014 ஆகத்தில் பிராக்ஸ்டன் மில்லர் காயமடைந்ததால் ஜே. டி. பாரெட் முதன்மைக் குவாட்டர்பேக் ஆனார். நவம்பரில் மிச்சிகனுக்கு எதிரான ஆட்டத்தில் பாரெட்டின் கணுக்கால் முறிந்தது. மூன்றாம் நிலையில் இருந்த கார்டேல் ஜோன்ஸ் களமிறங்கி விஸ்கான்சினை 59-0, அலபாமாவை 42-35, ஒரிகனை 42-20 என அடுத்தடுத்து வெல்ல உதவி, தேசிய வாகையர் பட்டத்தைப் பெற்றுத் தந்தார்.

அடுத்த பருவத்தில் மில்லர் பந்தைப் பிடிக்கும் இடத்துக்கு மாறினார். பாரெட், ஜோன்ஸ் இருவரில் யார் என்பதைப் பயிற்றுநர் அர்பன் மெயர் முதல் ஆட்ட நாள் வரை அறிவிக்கவில்லை. ஜோன்ஸ் தொடக்க ஆட்டக்காரரானார். அக்டோபரில் அவ்விடம் பாரெட்டுக்குச் சென்றது. பருவத்துக்கு முந்தைய அசோசியேட்டடு பிரஸ் தரவரிசையில் அனைத்து வாக்குகளையும் பெற்று முதலிடம் பிடித்திருந்த அவ்வணி, நவம்பர் 21 அன்று மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்திடம் 17-14 எனத் தோற்றது. அவர்கள் தோற்றது அந்த ஓர் ஆட்டத்தில்தான். எனினும் தேசிய வாகையருக்கான இறுதிச் சுற்று வாய்ப்பு பறிபோனது.

அலபாமா பல்கலைக்கழகம், 2018

ஜேலன் ஹர்ட்ஸ் 2016, 2017 ஆகிய இரு பருவங்களிலும் அலபாமாவைத் தேசிய இறுதி ஆட்டத்துக்கு இட்டுச் சென்றவர். 2018 சனவரி 8 அன்று நடந்த இறுதி ஆட்டத்தின் இடைவேளையில் ஜார்ஜியா 13-0 என முன்னிலையில் இருந்தபோது, பயிற்றுநர் நிக் சேபன் அவருக்குப் பதிலாக முதலாண்டு மாணவர் துவா தாகோவைலோவாவை இறக்கினார். கூடுதல் நேரத்தில் தாகோவைலோவா 41 கெஜத் தொலைவுக்கு எறிந்த பந்தை டெவான்டா ஸ்மித் பிடிக்க, அலபாமா 26-23 என வென்றது. இதனால் அக்கோடை முழுவதும் இருவருள் யார் என்ற விவாதம் நீடித்தது. செப்டம்பர் 1 அன்று தாகோவைலோவாவே தொடக்க ஆட்டக்காரராக இறங்கினார்.

ஹர்ட்ஸ் அணியை விட்டு விலகவில்லை. டிசம்பர் 1 அன்று அதே ஜார்ஜியாவுக்கு எதிரான தென்கிழக்குக் கூட்டமைப்பு இறுதி ஆட்டத்தில் தாகோவைலோவா காயமடைந்து வெளியேற, பின்தங்கியிருந்த அணியை ஹர்ட்ஸ் மீட்டு 35-28 என வெல்லச் செய்தார்.

கிளெம்சன் பல்கலைக்கழகம், 2018

2017 இல் அணியை இறுதிச் சுற்றுக்கு அழைத்துச் சென்ற கெல்லி பிரையன்ட், முதலாண்டு மாணவர் ட்ரெவர் லாரன்ஸ் ஆகியோரிடையே போட்டி நிலவியது. நான்கு ஆட்டங்களுக்குப் பின் லாரன்ஸ் தேர்வு செய்யப்பட்டார். பிரையன்ட் அணியை விட்டு விலகினார். நான்கு ஆட்டங்களுக்கு மேல் ஆடாதவர் அப்பருவத்தைத் தம் தகுதிக் காலத்தில் இழக்கமாட்டார் எனும் விதி அவ்வாண்டே நடைமுறைக்கு வந்திருந்தது. அடுத்த ஆட்டத்திலேயே லாரன்ஸ் காயமடைந்தார். மாற்று ஆட்டக்காரர் சேஸ் பிரைஸ் தோல்வியைத் தவிர்த்து, சிரக்கியூசை 27-23 என வெல்ல உதவினார். மீண்டு வந்த லாரன்சுடன் கிளெம்சன் அப்பருவத்தின் 15 ஆட்டங்களையும் வென்றது.

மிச்சிகன் பல்கலைக்கழகம், 2022

பயிற்றுநர் ஜிம் ஹார்பா, முதல் ஆட்டத்தில் கேட் மெக்னமாராவும் இரண்டாம் ஆட்டத்தில் ஜே. ஜே. மெக்கார்த்தியும் தொடக்க ஆட்டக்காரராக இருப்பர் என முன்கூட்டியே அறிவித்தார். அதன் பின் மெக்கார்த்தி தேர்வானார். 2021 இல் பத்துக் கூட்டமைப்பின் வாகையர் பட்டத்தை அணிக்குப் பெற்றுத் தந்திருந்த மெக்னமாரா, பின்னர் அயோவா பல்கலைக்கழகத்துக்கு மாறினார். மெக்கார்த்தியின் தலைமையில் மிச்சிகன் 2023 பருவத்தில் தேசிய வாகையர் ஆனது.

தேர்வாகாதவர்களின் நிலை

முன்னர் வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறும் ஆட்டக்காரர், பட்டம் பெற்றவராக இல்லாவிடில், பொதுவாக ஓராண்டு ஆடாமல் காத்திருக்க வேண்டும். 2018 அக்டோபரில் மாற விரும்புவோர் தம் பெயரைப் பதிவு செய்யும் இணையவழி ஏற்பாடு தொடங்கப்பட்டது. 2021 இல் ஒருமுறை காத்திருப்பின்றி மாறவும், 2024 இல் கல்வித் தகுதிக்கு உட்பட்டு எத்தனை முறையும் அவ்வாறு மாறவும் அனுமதிக்கப்பட்டது. 2021 சூலை முதல் ஆட்டக்காரர்கள் தம் பெயரையும் உருவத்தையும் பயன்படுத்தி வருவாய் ஈட்டலாம். 2025 சூலை முதல் பல்கலைக்கழகங்களே அவர்களுக்கு நேரடியாகப் பணம் வழங்கலாம். இம்மாற்றங்களால், தேர்வாகாத குவாட்டர்பேக் அதே அணியில் காத்திருப்பது குறைந்து வருகிறது. பயிற்றுநர் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும்போது மற்றவரை இழக்கவும் ஆயத்தமாக வேண்டியுள்ளது.

ஒரு தேர்வில் பின்தங்குவது ஆட்டக்காரரின் திறமை பற்றிய இறுதித் தீர்ப்பு ஆகாது. ஹர்ட்ஸ் 2019 இல் ஒக்லகோமா பல்கலைக்கழகத்துக்கு மாறி, அவ்வாண்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹெய்ஸ்மன் விருதுத் தேர்வில் இரண்டாம் இடம் பெற்றார்; 2025 பிப்ரவரியில் நடந்த சூப்பர் பவுல் இறுதி ஆட்டத்தின் சிறந்த ஆட்டக்காரராகவும் தேர்வானார். அவரை முந்தி 2019 ஹெய்ஸ்மன் விருதை வென்ற ஜோ பர்ரோவும் இத்தகைய தேர்வு ஒன்றில் பின்தங்கியவரே. அவர் 2018 இல் ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்திலிருந்து லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு மாறி, 2019 பருவத்தில் 60 டச்டவுன்களுக்கு எறிந்து, தோல்வியே காணாத அணியை வழிநடத்தினார். எனினும் ஒகையோவின் முடிவைத் தவறு எனக் கூற இயலாது. அங்கு அவருக்குப் பதிலாகத் தேர்வான டுவெய்ன் ஹாஸ்கின்ஸ், 2018 பருவத்தில் 50 டச்டவுன்களுக்கு எறிந்து தம் கூட்டமைப்பில் புதிய சாதனை படைத்தார்.