பூனை ஸ்டேஷன் மாஸ்டர்

ரயில் நிலையத்தில் ஸ்டேஷன் மாஸ்டர் இருப்பார். இது நமக்குத் தெரியும். ஒரு பூனை ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தது தெரியுமா? இது கட்டுக்கதை அல்ல. ஜப்பான் நாட்டில் உண்மையாக நடந்தது.

ஜப்பானில் வகயாமா என்று ஒரு நகரம் இருக்கிறது. அங்கிருந்து ஒரு சிறிய ரயில் பாதை புறப்படுகிறது. அதன் நீளம் 14 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். மொத்தம் 14 நிலையங்கள். கடைசி நிலையத்தின் பெயர் கிஷி. அது ஸ்ட்ராபெரி பழம் விளையும் கிராமப் பகுதி. பள்ளிப் பிள்ளைகளும் வேலைக்குப் போகிறவர்களும் இந்த ரயிலில் நகரத்துக்குப் போய் வருவார்கள்.

ரயில் நின்றுவிடுமா?

காலம் மாறியது. பலர் சொந்தமாகக் கார் வாங்கினார்கள். ரயிலில் ஏறுவோர் குறைந்தார்கள். அப்போது ரயிலை ஓட்டியது நன்கை என்ற தனியார் கம்பெனி. அதற்கு ஆண்டுதோறும் பெரிய நஷ்டம். "இனி எங்களால் ஓட்ட முடியாது" என்று 2004ஆம் ஆண்டில் அது அறிவித்தது.

ஊர் மக்கள் கலங்கினார்கள். கார் ஓட்டத் தெரிந்தவர்கள் சமாளித்துக்கொள்வார்கள். பிள்ளைகள் எப்படிப் பள்ளிக்குப் போவார்கள்? வயதானவர்கள் எப்படி ஆஸ்பத்திரிக்குப் போவார்கள்?

மக்கள் சும்மா இருக்கவில்லை. ஒரு சங்கம் அமைத்தார்கள். ஆண்டுச் சந்தா 1,000 யென். யென் என்பது ஜப்பான் நாட்டுப் பணம். சுமார் 6,000 பேர் சந்தா கட்டிச் சேர்ந்தார்கள். "ரயில் வேண்டும்" என்று கேட்டதோடு நிற்கவில்லை. "ரயிலிலேயே போவோம்" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள்.

அரசு இறங்கி வந்தது. ரயில் பாதை இருந்த நிலத்தை வாங்க மாகாண அரசு பணம் கொடுத்தது. நஷ்டத்தைப் பத்து ஆண்டுகளுக்கு ஈடுகட்ட உள்ளாட்சிகள் ஒப்புக்கொண்டன. புதிய கம்பெனி ஒன்று முன்வந்தது. 2006 ஏப்ரல் முதல் அது ரயிலை ஓட்டியது.

தாமா வந்தது

செலவைக் குறைக்கக் கிஷி நிலையத்தில் ஊழியர் யாரும் வைக்கப்படவில்லை. நிலையத்தை ஒட்டி ஒரு கடை இருந்தது. கடைக்காரர் வளர்த்த பூனையின் பெயர் தாமா. வெள்ளை, கறுப்பு, பழுப்பு என மூன்று நிறம் கொண்ட பெண் பூனை. பூனை படுத்திருந்த கூண்டை அங்கிருந்து எடுக்க வேண்டியதாயிற்று. "நிலையத்திலேயே இருக்க இடம் கொடுங்கள்" என்று கடைக்காரர் கேட்டார்.

கம்பெனியின் தலைவர் மித்சுநோபு கொஜிமா யோசித்தார். 2007 ஜனவரியில் தாமாவை ஸ்டேஷன் மாஸ்டராக நியமித்தார். தலைக்கு ஒரு சிறிய தொப்பி தைத்துக் கொடுத்தார்கள். வேலை, பயணிகளை வரவேற்பது. சம்பளம், பூனைத் தீனி!

செய்தி எங்கும் பரவியது. பூனையைப் பார்க்க மக்கள் ரயிலேறி வந்தார்கள். வெளிநாட்டாரும் வந்தார்கள். 2010இல் நிலையத்தையே பூனை முகம் போலப் புதிதாகக் கட்டினார்கள். கூரையில் இரண்டு காதுகள் கூட உண்டு.

2015 ஜூன் மாதம் தாமா இறந்தது. அதற்கு வயது 16. இறுதிச் சடங்கில் சுமார் 3,000 பேர் கூடினார்கள். அதன் பிறகு நிதாமா என்ற பூனை அந்தப் பதவிக்கு வந்தது.

யார் காப்பாற்றியது?

"பூனை ரயிலைக் காப்பாற்றியது" என்று பலர் சொல்வார்கள். வருடங்களைக் கவனியுங்கள். மக்கள் சங்கம் வைத்தது 2004இல். புதிய கம்பெனி வந்தது 2006இல். பூனைக்குப் பதவி கிடைத்தது 2007இல். முதலில் ரயிலைக் காப்பாற்றியவர்கள் ஊர் மக்கள். பூனை பிறகு கூட்டம் சேர்த்தது. கூட்டம் வந்த பிறகும் அரசின் உதவி தேவைப்பட்டது. ரயிலோ பஸ்ஸோ லாபத்துக்காக மட்டும் ஓடுவதில்லை அல்லவா?

பேசிப் பாருங்கள்

1. உங்கள் ஊருக்கு வரும் பஸ் நின்றுவிட்டால் யாருக்கு அதிகக் கஷ்டம்?
2. அதைக் காக்க நீங்கள் எல்லோரும் சேர்ந்து என்ன செய்யலாம்?