சரிவில் மோட்டார் சைக்கிள் ஏன் கவிழ்கிறது?

பிரிஞ்சாங்கிலிருந்து சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டத்துக்குப் போகும் பாதை ஏற்ற இறக்கமானது. ஏறக்குறைய 100 கிலோ எடையுள்ள கப்சாய் அங்கே கவிழ்ந்து காலில் விழுந்தால் எலும்பு முறியலாம். எப்படி நிறுத்துவீர்கள்?

இரு சக்கரங்களும் பக்க ஸ்டாண்டும் தரையைத் தொடும் மூன்று புள்ளிகளை இணைத்துப் பாருங்கள், முக்கோணம் வரும். ஈர்ப்பு மையத்திலிருந்து இறங்கும் செங்குத்துக்கோடு அதற்குள் விழும்வரை வண்டி நிற்கும். ஸ்டாண்ட் இடப்பக்கம் உள்ளது. ஆகவே, வலப்பக்கத் தரை தாழ்ந்திருந்தால் வண்டி நிமிர்ந்துவிடும். லேசாக இடித்தாலே சாயும். இடப்பக்கம் மிகவும் தாழ்ந்திருந்தால் ஸ்டாண்டைத் தாண்டிக் கவிழும்.

முன்சக்கரம் மேட்டை நோக்கி இருக்கட்டும். பள்ளத்தை நோக்கி நிறுத்தினால், வண்டி முன்னே நகரும்போது ஸ்டாண்ட் பின்பக்கமாக மடங்கிக்கொள்ளும்.

மழை பெய்தால் இன்னொரு வில்லங்கம்: ஸ்டாண்டின் சிறிய நுனி ஈரமண்ணில் புதையும். அடியில் தட்டையான கல்லை வையுங்கள். பரப்பு கூடி அழுத்தம் குறையும்.