பழைய டிஎஸ்எல்ஆரா, புது சூப்பர் ஜூமா? கழுவெளிக்குக் கிளம்பும் முன் ஒரு சின்னக் கணக்கு

கேமரா வாங்கணும்னு கிளம்புற கல்லூரி மாணவர் எல்லாரும் கடைசியில் வந்து நிற்கிற இடம் ஒன்றுதான். ஒரு பக்கம், அண்ணன் ஒருத்தர் கல்யாண போட்டோ எடுத்துவிட்டு விற்கப் போகிற பழைய டிஎஸ்எல்ஆர். இன்னொரு பக்கம், கடைக் கண்ணாடிக்குள் குழாய் மாதிரி மூக்கு நீட்டிக்கிட்டு இருக்கிற புது சூப்பர் ஜூம் பிரிட்ஜ் கேமரா. "பெரிய சென்சார்தான் பெஸ்ட், டிஎஸ்எல்ஆரையே வாங்கு" என்று ஒரு நண்பர் சொல்வார். "நிலாவையே கிட்ட இழுக்குதுடா" என்று இன்னொருத்தர் வீடியோ காட்டுவார். ரெண்டு பேர் சொல்வதும் பொய் இல்லை. ஆனா ரெண்டு பேரும் உங்களிடம் ஒரு கேள்வி கேட்கவே இல்லை: எதைப் படம் எடுக்கப் போறீங்க?

வானூர் பக்கம் இருக்கிறவங்களுக்கு இந்தக் கேள்வி ரொம்ப முக்கியம். நம்மைச் சுற்றி இருக்கிற இடங்களே இந்த ரெண்டு கேமராவுக்கும் சரியான பரீட்சைக் கூடங்கள். வானூர், மரக்காணம் வட்டங்களில் பரந்து கிடக்கும் கழுவெளி, 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2024-ல் ராம்சார் பட்டியலிலும் இடம்பிடித்தது. 5,000 ஹெக்டேருக்கு மேல் பரப்பு. பாதி புதுச்சேரியிலும் பாதி நம்ம வட்டத்திலுமாக ஊசுடு ஏரி. 2 கோடி ஆண்டுப் பழைய கல்மரங்கள் கிடக்கும் திருவக்கரை. போதாததுக்கு, நம்ம காலேஜ் ஆடிட்டோரியம். இந்த நாலுக்கும் ஒரே பதில் கிடையாது.

பேச்சுக்கு ரெண்டு மாடலை எடுத்துக்கொள்வோம். பழைய டிஎஸ்எல்ஆருக்கு 2011-ல் வந்த கேனான் 600டி. 18 மெகாபிக்சல், ஏபிஎஸ்-சி சென்சார், செகண்ட் ஹேண்டில் நிறையவே கிடைக்கும். சூப்பர் ஜூமுக்கு 2020-ல் வந்த நிக்கான் கூல்பிக்ஸ் பி950. 16 மெகாபிக்சல், 83 மடங்கு ஜூம். அதாவது ஃபுல் ஃப்ரேம் கணக்கில் 24 மி.மீ. முதல் 2000 மி.மீ. வரை.

சென்சார் சண்டை

600டி-யின் சென்சார் 22.3 மி.மீ. அகலம், 14.9 மி.மீ. உயரம். பி950-ல் இருப்பது 1/2.3 அங்குல வகை. அகலம் சுமார் 6.2 மி.மீ., உயரம் 4.6 மி.மீ. பரப்பளவைப் பெருக்கிப் பாருங்க. முதலாவது ரெண்டாவதைவிட கிட்டத்தட்ட 12 மடங்கு பெரியது. மெகாபிக்சல் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால் பிக்சல் ஒவ்வொன்றின் அளவும் மாறுகிறது. 600டி-யில் ஒரு பிக்சல் 4.3 மைக்ரான், பி950-ல் சுமார் 1.3 மைக்ரான்.

அப்போ டிஎஸ்எல்ஆர் ஜெயிச்சாச்சுன்னு கட்டுரையை இங்கேயே மூடிடலாமா? நிறைய பேர் இங்கேதான் மூடுறாங்க. ஆனா சென்சார் என்பது தொட்டி மட்டும்தான். தொட்டி எவ்வளவு பெருசா இருந்தாலும், குழாய் சின்னதா இருந்தா தண்ணி கொஞ்சம்தான் வரும். அந்தக் குழாய்தான் லென்ஸின் துளை.

துளைக் கணக்கு

லென்ஸில் எஃப்/5.6, எஃப்/2.8 என்று எழுதியிருப்பது ஒரு வகுத்தல் கணக்கு. குவிய தூரத்தை அந்த எண்ணால் வகுத்தால், வெளிச்சம் உள்ளே வரும் துளையின் விட்டம் கிடைக்கும். இதுக்கு லென்ஸின் உண்மையான குவிய தூரத்தைப் போடணும். விளம்பரத்தில் வரும் 2000 மி.மீ. என்பது சென்சார் அளவை வைத்து மாற்றிச் சொல்வது. பி950-ன் உண்மையான குவிய தூரம் 4.3 முதல் 357 மி.மீ. வரை.

இப்போ ஏரிக்கரையில் நிற்பதாக வைத்துக்கொள்வோம். 100 மீட்டர் தூரத்தில், 30 செ.மீ. நீளமுள்ள ஒரு பறவை சேற்றில் இரை தேடுது.

600டி-யுடன் சும்மா வரும் 18-55 கிட் லென்ஸ்: 55-ல், எஃப்/5.6. துளை சுமார் 10 மி.மீ. படத்தில் அந்தப் பறவையின் நீளம் 38 பிக்சல். இதைப் பறவைன்னு சொன்னா அம்மாகூட நம்ப மாட்டாங்க.

அதே 600டி-யில் 55-250 லென்ஸ்: 250-ல், எஃப்/5.6. துளை சுமார் 45 மி.மீ. பறவை 174 பிக்சல். என்ன இனம்னு ஓரளவு சொல்லலாம்.

பி950 முழு ஜூமில்: 357-ஐ 6.5-ஆல் வகுத்தால் துளை 55 மி.மீ. பறவை 800 பிக்சல்.

இங்கே கவனிக்க வேண்டியது பிக்சலை மட்டும் இல்லை, துளையையும்தான். 55 மி.மீ. துளை, 45 மி.மீ. துளையைவிட அந்தப் பறவையிலிருந்து ஒன்றரை மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடுகிறது. சின்ன சென்சார்காரன் இங்கே வெளிச்சத்திலும் முந்துகிறான்! காரணம் எளிது. டிஎஸ்எல்ஆரின் பெரிய சென்சாரில் பறவை விழுவது முக்கால் மி.மீ. நீளத்துக்குத்தான். மீதி சென்சார் முழுக்க தண்ணியையும் கோரையையும் பதிவு பண்ணிக்கிட்டு இருக்கும். நாம கிராப் பண்ணும்போது அந்தப் பெரிய சென்சாரின் பெரும்பகுதியை வெட்டிக் குப்பையில் போடுறோம்.

ஆடிட்டோரியத்துக்குள் வந்தால் கணக்கு தலைகீழ். மேடையில் நடனம், மங்கலான விளக்கு. 600டி-யில் 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸ் போட்டால் துளை 28 மி.மீ. அதே அளவு காட்சியை பி950-ல் எடுக்க, உண்மையான குவிய தூரம் 14 மி.மீ. பக்கம் வரும். எஃப்/2.8 கிடைத்தால்கூட துளை 5 மி.மீ.தான். ஜூம் பண்ணும்போது அந்த எண் கூடிவிடுவதால் உண்மையில் இதைவிடக் குறைவு. பரப்பளவில் கிட்டத்தட்ட 30 மடங்கு வித்தியாசம். ஒரே ஷட்டர் வேகத்தில் ஒன்று சுத்தமான படம் தரும். இன்னொன்று முகமெல்லாம் புள்ளி புள்ளியாக, மெழுகு பூசின மாதிரி தரும்.

பி950-ன் 800 பிக்சலை அப்படியே நம்பலாமா?

முழுசா நம்ப வேண்டாம். இயற்பியல் முதலாண்டுப் பாடத்தில் வரும் விளிம்பு விளைவு இங்கே வேலை செய்கிறது. எந்தத் துளை வழியாக வந்தாலும் வெளிச்சம் ஒரு புள்ளியாகக் குவியாது. ஒரு சின்ன வட்டமாகத்தான் குவியும். அதன் விட்டம், 2.44-ஐ ஒளியின் அலைநீளத்தாலும் எஃப் எண்ணாலும் பெருக்கினால் வருவது. பச்சை ஒளிக்கு 0.55 மைக்ரான் என்று போட்டால், எஃப்/6.5-ல் அந்த வட்டம் 8.7 மைக்ரான். பி950-ன் பிக்சலோ 1.3 மைக்ரான். அதாவது ஒரு வட்டம் குறுக்கே ஆறு பிக்சலுக்கு மேல் பரவுகிறது. பிக்சல் 800 இருந்தாலும், அதில் உள்ள விவரம் 800 பிக்சலுக்கு உரியது இல்லை. 100 சதவீதம் பெரிதாக்கிப் பார்த்தால் கொஞ்சம் மென்மையாகத்தான் இருக்கும்.

600டி-யில் எஃப்/5.6-ல் வட்டம் 7.5 மைக்ரான், பிக்சல் 4.3. இரண்டு பிக்சல்கூட இல்லை. அதனால் அந்த 174 பிக்சலும் கூர்மையா இருக்கும். ஆனா கூர்மையான 174-ஐவிட மென்மையான 800-ல்தான் அலகின் வளைவும் காலின் நிறமும் தெளிவாகத் தெரியும். பறவை அடையாளம் காண அதுதானே வேணும்? பொங்கல் பறவைக் கணக்கெடுப்பில் ஒவ்வொரு ஜனவரியும் மாணவர்கள் பலர் கலந்துக்கிறாங்க. உள்ளான் கூட்டத்தில் எது எந்த உள்ளான் என்று பிரிக்க, பிற்பாடு வீட்டில் உட்கார்ந்து பார்க்க, ஒரு அத்தாட்சிப் படம் இருந்தால் சந்தேகம் தீரும். தப்பான பேர் பதிவில் ஏறாம இருக்கும்.

இன்னொரு விஷயமும் இருக்கு. கையில் நீள ஜூம் இல்லாதவர் என்ன பண்ணுவார்? கிட்ட போவார். கிட்ட போனால் பறவை எழும்பிப் பறக்கும். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வந்து, திரும்பிப் போக உடம்பில் கொழுப்பு சேர்க்கிற வலசைப் பறவைக்கு, ஒவ்வொரு தடவை எழும்புவதும் நஷ்டம். கரையிலேயே நின்று எடுக்க முடிவது பறவைக்கும் நல்லது, நம்ம செருப்புக்கும் நல்லது.

பறக்க ஆரம்பித்துவிட்டால்?

இங்கே பழைய டிஎஸ்எல்ஆர் திரும்பவும் எழுந்து நிற்கும். அதன் வியூ ஃபைண்டரில் கண்ணாடி வழியாக நேரடிக் காட்சி, தாமதமே கிடையாது. ஃபோகஸுக்குத் தனி சென்சார் இருப்பதால் பட்டுன்னு பிடிக்கும். 600டி-யில் ஃபோகஸ் புள்ளி 9-தான், நொடிக்கு 3.7 படம்தான். இருந்தாலும் கூட்டமாகப் பறக்கும் நாரைகளைத் தொடர்ந்து எடுக்க முடியும்.

பி950 நொடிக்கு 7 படம் எடுக்கும். ஆனா 10 படத்தோடு மூச்சு வாங்கி நின்றுவிடும். அந்த இடைவெளியில் பறவை புதுச்சேரி எல்லையைத் தாண்டியிருக்கும். 2000 மி.மீ.-ல் பறக்கும் பறவையைக் கட்டத்துக்குள் கொண்டுவருவதே தனி வித்தை. ஜூமைக் குறைத்து, பறவையைப் பிடித்து, பிறகு கூட்டணும். அதற்கும் மோட்டார் நேரம் எடுத்துக்கும்.

நடுப்பகலில் ரெண்டு கேமராவும் தோற்கும் என்பதையும் சொல்லிவிடணும். சூடான தரைக்கும் தண்ணிக்கும் மேல் காற்று அலையும்போது, தூரத்துக் காட்சி கொதிக்கிற மாதிரி நெளியும். எவ்வளவு விலை கொடுத்த லென்ஸாலும் இதைச் சரிசெய்ய முடியாது. சூரியன் எழுந்த முதல் ஒன்றரை மணி நேரம்தான் நீள ஜூமுக்கு நல்ல நேரம்.

திருவக்கரையும் நிலாவும்

கல்மரத்தின் வரிகளை எடுக்க ரெண்டுமே போதும். வெளிச்சம் நிறைய, மரம் ஓடப் போவதில்லை. கிட்ட வைத்து எடுக்கும்போது சின்ன சென்சாரில் முன்னும் பின்னும் நிறைய பகுதி தெளிவாக விழும் என்பது பி950-க்கு ஒரு வசதி. பின்னணியை மங்கலாக்கி ஆளை மட்டும் எடுத்துக்காட்ட டிஎஸ்எல்ஆர்.

திருவக்கரையில் பௌர்ணமிக்குக் கூட்டம் கூடும். அந்த நிலாவை 250 மி.மீ. லென்ஸில் எடுத்தால் சுமார் 530 பிக்சல் விட்டத்தில் வரும். பி950-ல் சுமார் 2,400 பிக்சல். சட்டத்தின் உயரத்தில் பத்தில் ஏழு பங்கு. நிலா இரவில் தெரிந்தாலும் வெயில் பட்ட பாறைதான். அதனால் ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 1/250 போதும். சின்ன சென்சாரின் பலவீனம் இங்கே வெளியே தெரியாது. அதே நேரம், தீப வெளிச்சத்தில் நிற்கிற கூட்டத்தின் முகங்களை எடுக்கணும்னா, கை 600டி-யைத்தான் தேடும்.

பர்ஸ் பக்கம்

புது பி950 அரை லட்சத்தைத் தாண்டும். பழைய 600டி அதில் ஒரு சிறு பங்கில் கிடைக்கும். ஆனா பாடி விலையை மட்டும் பார்த்து ஏமாறாதீங்க. 55-250, 50 மி.மீ. லென்ஸ் ரெண்டையும் சேர்த்துக் கணக்குப் போடுங்க. பழைய சாமான் வாங்கும்போது இதையெல்லாம் பாருங்க:

• லென்ஸின் ஒரு பக்கம் மொபைல் டார்ச் அடித்து, மறுபக்கம் வழியாகப் பாருங்க. சிலந்தி வலை மாதிரி தெரிந்தால் அது பூஞ்சை. நம்ம கடலோர ஈரப்பதத்தில் இது சகஜம். அந்த லென்ஸை விட்டுடுங்க.
• ஷட்டர் எத்தனை தடவை அடித்திருக்கிறது என்று கேளுங்க. கல்யாண சீசன் பல பார்த்த கேமராவுக்கு ஆயுள் மிச்சம் குறைவு.
• எஃப்/16-ல் வெறும் வானத்தை ஒரு படம் எடுங்க. கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் சென்சாரில் தூசு.
• பேட்டரி உப்பியிருக்கிறதா, சார்ஜ் நிற்கிறதா என்று கையில் எடுத்துப் பாருங்க.

பி950-ல் லென்ஸ் கழற்ற முடியாது. லென்ஸ் மாற்றும்போது தூசு போகும் வம்பு இல்லை. ஆனா மரக்காணம் உப்பளக் காற்றும் மணலும் அந்த நீளும் குழாய்க்குள் போனால், சர்வீஸ் சென்டர்தான் கதி. எந்தக் கேமராவானாலும் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்க.

எதிர்காலத்தையும் யோசிங்க. கேனானும் நிக்கானும் 2020-க்குப் பிறகு புது டிஎஸ்எல்ஆர் மாடல் கொண்டுவரவில்லை. ரெண்டும் மிரர்லெஸ் பக்கம் போய்விட்டன. ஆனா 600டி-க்கான லென்ஸ்களை அடாப்டர் போட்டு கேனான் மிரர்லெஸ்ஸிலும் பயன்படுத்தலாம். போட்ட காசு வீணாகாது. சூப்பர் ஜூமில் பாடியும் லென்ஸும் ஒரே பொருள். விற்றால் மொத்தமாகத்தான் விற்கணும்.

அப்போ எதை வாங்குறது?

உங்க மொபைல் கேலரியைத் திறந்து கடைசி 200 படத்தைப் பாருங்க. அதில் அதிகம் இருப்பது நண்பர்கள், மேடை, கல்லூரி விழா, ராத்திரிச் சாப்பாடு என்றால் பழைய டிஎஸ்எல்ஆரும் 50 மி.மீ. லென்ஸும். மிச்சக் காசை பஸ்ஸுக்கும் பிரியாணிக்கும் வைத்துக்கோங்க. தூரத்தில் ஒரு சின்னப் புள்ளி, அதைச் சுற்றி வானமும் தண்ணியும், "இது என்ன பறவைன்னு தெரியலையே" என்று பத்துப் படம் இருந்தால், சூப்பர் ஜூம். புதுசு கட்டுப்படியாகாவிட்டால் 2015-ல் வந்த பி900-ஐ செகண்ட் ஹேண்டில் தேடுங்க. அதிலும் அதே 83 மடங்கு ஜூம்தான். ரா ஃபைல் மட்டும் கிடைக்காது.

ரெண்டும் கலந்து இருக்கா? வாங்குறதுக்கு முன்னாடி ஒரு ஞாயிற்றுக்கிழமை, யாராவது சீனியரிடம் ரெண்டு கேமராவையும் கடன் வாங்கி, விடியும்போது ஊசுடு ஏரிக்கரைக்குப் போங்க. ஒரே பறவையை ஒரே இடத்தில் நின்று ரெண்டிலும் எடுங்க. சாயங்காலம் ஹாஸ்டல் அறையில் டியூப் லைட் வெளிச்சத்தில் நண்பனின் முகத்தை ரெண்டிலும் எடுங்க. நாலு படத்தையும் லேப்டாப்பில் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, அதுக்கப்புறம் பர்ஸைத் திறங்க.